கல்லைக் கண்டேன், நாயையும் கண்டேன்

(திருகோணமலையில் எங்கள் வாசிகசாலையின் போயா (பௌர்ணமி) நாள் கூட்டத்தில் பேசியது. கைதட்டல்களை நீக்கிவிட்டேன், சிரிப்பொலியை நீக்க மனம் வரவில்லை, இருந்த இடங்கள் உங்களுக்கே தெரியும்.)

மங்கல விளக்கேற்றிக் கூட்டத்தைத் தொடக்கிவைத்த தலைவர் அவர்களே, இத்தனை வேலைப்பளுவுக்கு மத்தியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலக அம்மையார் அவர்களே, உள்ளூராட்சி உறுப்பினர்களே, அதிபர்களே, கோவில் பரிபாலன சபைப் பெரியோர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, வணபிதா அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்த புத்திசாலிகளே, இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் தம்பிமாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் அது ஓய்வுபெற்ற தபால் அதிபரின் மறதி. முகவரி தவறினாலும் கடிதம் உங்களுக்குத்தான்.

தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது ‘மாணிக்கம் தேடும் ஐயா’ என்றார். பெரிய வார்த்தை. நான் கல் பொறுக்குகிறவன். முப்பது வருடமாகப் பொறுக்குகிறேன். விற்றது ஒன்றுமில்லை. வீட்டில் நடக்க இடமில்லை என்று மனைவி சொல்வது மட்டும் உண்மை.

இதோ ஒரு தட்டம். இதில் ஏழு துண்டுகள். கன்னியாவில் ஏழு கிணறு, என் தட்டத்தில் ஏழு கல். கையோடு கையாக மாற்றிக்கொள்ளுங்கள், தூக்கிப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏழில் ஒன்று கல்லே இல்லை. எது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று விடயம் பேசுவதாகச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் கரையில் என்ன கல் கிடைக்கும், கையில் எடுத்த கல்லை எப்படி இனங்காண்பது, வீட்டிலேயே அதை எப்படித் தீட்டி மினுக்குவது. அதற்கு முன் ஒரு பழமொழி. “கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.” தேவைப்படும் இரண்டு ஒரே நேரத்தில் கிடைக்காது என்று ஊரில் பொருள் சொல்வார்கள். சிற்பி செதுக்கிய கல்நாயைப் பற்றியது, கல்லாகப் பார்த்தால் நாய் மறையும், நாயாகப் பார்த்தால் கல் மறையும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் மூன்றாவது ரகம். எனக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன.

சல்லி ஊர்க் கரை. மார்கழி மாதம், இரவு முழுக்க வாடைக்காற்றும் மழையும். கடல் புரண்டு படுத்த மறுநாள் காலைதான் கல் பொறுக்க நல்ல நேரம். விடியற்காலை ஐந்தரைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ரோச் லைட், மறு கையில் சொப்பின் பை. மீன்வாடியைத் தாண்டும்போது மூன்று நாய்கள் வந்தன. நாய் வந்தால் என்ன செய்ய வேண்டும்? குனிய வேண்டும். குனிந்தாலே ஓடிவிடும். குனிந்தேன், இரண்டு ஓடின. மூன்றாவது அனுபவசாலி, ஓடவில்லை. கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து ஓங்கினேன். ஓங்கிய கையில் ரோச் வெளிச்சம் பட்டது. பட்ட வெளிச்சம் கல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

பிளேன்ரீ நிறம், பால் விடாத தேநீரின் நிறம். ஆறு பக்கம், நுனியில் கூர், ஒரு முகம்கூட உடையவில்லை. கடலில் உருண்ட கல்லுக்கு முகம் தேய்ந்துபோகும். இது எங்கோ பக்கத்துப் பாறையிலிருந்து புதிதாகக் கழன்று வந்திருக்கிறது. கை அப்படியே மேலே நின்றுவிட்டது. நாயும் நின்று பார்த்தது. நான் எறிவேனா மாட்டேனா என்று அதற்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும் போல.

வாடியிலிருந்து ஒரு தம்பி கத்தினார். “ஐயா, எறியுங்கோ! எறியுங்கோவன்!”

“எறிய ஏலாது தம்பி, இதுக்கு ஆறு பக்கமும் அப்பிடியே இருக்கு!”

“நாய்க்கும் நாலு காலும் அப்பிடியே இருக்கு ஐயா!”

அதற்குள் நாய் முடிவெடுத்துவிட்டது. வலது கெண்டைக்கால். சாரத்தில் ஒரு துண்டு இன்றும் அந்த நாயிடம்தான் இருக்கிறது. ஆசுபத்திரியில் ஊசி போட வந்த பிள்ளை, “வளர்ப்பு நாயோ, தெரு நாயோ?” என்று கேட்டாள். நான் கல்லைக் காட்டினேன். “இதாலயோ கடிச்சது?” என்றாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதை வித்தால் ஓட்டோக் காசாவது வருமோ?” வராது. அது புகைநிறப் படிகம், குவாட்ஸ் வகை. விலை அதிகம் இல்லை. ஆனால் அன்று எனக்குக் கல்லும் தெரிந்தது, நாயும் தெரிந்தது. இந்த ஊரில் அப்படி வேறு யாராவது உண்டா?

சரி, முதல் விடயம். சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தின் முதற்பாட்டிலேயே “அளப்பருங் கனமணி வரன்றி” என்கிறார். அளவில்லாத பெருமணிகளை வாரிக்கொண்டு வந்து கடல் முத்தைக் கொழிக்கிறது என்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே நம் கரைக்குக் கிடைத்த நற்சான்று அது. புலவர் கற்பனை என்று சொல்பவர்கள் ஒரு மாரி காலத்தில் என்னோடு வாருங்கள். அலை வாங்கும் இடத்தில் ஊதாச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது கார்னட் என்ற சிவப்புக் கல்லின் மணல். சிரட்டையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றுங்கள். வெள்ளை மணல் போய்விடும், சிவப்பு அடியில் நிற்கும். பாரம் கூடியது எப்போதும் அடியில்தான் நிற்கும்.

வடக்கே புல்மோட்டையில் கரிய மணல். அதில் இருக்கும் கனியங்கள் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கன். மாரிக்கு மாரி கடலே புதிதாகக் கொண்டுவந்து போடுகிறது. நட்சத்திர நீலக்கல் கேள்விப்பட்டிருப்பீர்கள், உள்ளே ஆறு கதிர் ஓடும். அந்தக் கதிரை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ரூட்டைல் ஊசிகள். இரத்தினபுரிக்காரன் இலட்சக்கணக்கில் விற்கும் நட்சத்திரத்தின் சரக்கு நம் புல்மோட்டை மணலில் கிடக்கிறது! அதற்குப் பக்கத்தில் அரிசிமலைக் கரை. அங்கே மணல் பருக்கை பச்சரிசி போலவே இருக்கும். ஒருமுறை கொண்டுவந்து சுளகில் வைத்தேன், என் மாமியார் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

தெற்கே மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது, 335 கிலோமீற்றர் ஓடி வந்து. அம்பன் கங்கை அதில் சேர்கிறது. அம்பன் கங்கை வருவது எலஹெர இரத்தினக்கல் மண்ணைக் கழுவிக்கொண்டு. அதனால் நீலக்கல் மூதூரில் குவிந்து கிடக்கும் என்று யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரத்தினக்கல் தோண்டுவது குற்றம். 1993 இன் சட்டம் அதற்கென்றே ஓர் அதிகாரசபையை வைத்திருக்கிறது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே ஒரு முருகைக்கல் துண்டையும் தொடக் கூடாது. பழைய கட்டட இடிபாடுகளில் சூதுபவள மணி கண்டால் அது தொல்பொருள். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும்.

அகேட் கிடைக்குமா என்று போன கூட்டத்தில் ஒரு மாணவி கேட்டாள். அகேட் என்பது எரிமலைக் குழம்பு இறுகிய பாறையின் பொந்துகளில் சிலிக்கா வரிவரியாகப் படிந்து உண்டாகும் கல். தக்காணத்தில் அப்படிப்பட்ட பாறை ஏராளம், அதனால் குஜராத்தில் காம்பத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தீட்டுகிறார்கள். நம் முஸ்லிம் சகோதரர்கள் மோதிரத்தில் பதிக்கும் அக்கீக் கல்லும் அந்தக் குடும்பம்தான். நம் தீவின் பாறை வேறு. பூமிக்கு அடியில் வெந்து அமுங்கி மாறிய மிகப் பழைய பாறை. ஆகவே இங்கே வரிபோட்ட கல்லைக் கண்டால் அகேட் என்று துள்ளாதீர்கள். பெரும்பாலும் இரும்புக் கறை பிடித்த குவாட்ஸாக இருக்கும். எனக்கே ஆறு வருடம் தெரியாமல் இருந்தது. ‘அகேட்’ என்று எழுதி ஒட்டிய ஒரு பெட்டி வீட்டில் இருக்கிறது, பிழை திருத்த வெட்கமாக இருந்ததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

இரண்டாவது, இனங்காணல். தபால் கந்தோரில் கற்ற வித்தை ஒன்று. கல்லை நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். என் பிளேன்ரீக் கல் வெளியில் 53 கிராம், தண்ணீரில் 33. குறைந்தது 20. ஐம்பத்து மூன்றை இருபதால் பிரித்தால் 2.65. அது குவாட்ஸின் கையெழுத்து, மாறாது. நான்கை அண்டி வந்தால் கார்னட்டோ, குருந்தமோ என்று யோசிக்கலாம். குருந்தம் என்பது மாணிக்கமும் நீலமும் பிறந்த வீடு. இரண்டும் ஒரே பொருள்தான், குரோமியம் கொஞ்சம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். அடுத்து, கண்ணாடியா கல்லா என்று அறிய நாக்கில் வையுங்கள். படிகம் குளிரும், கண்ணாடி அவ்வளவு குளிராது. (கடற்கரையில் எடுத்ததைக் கழுவிவிட்டு வையுங்கள் அம்மா.) லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் அது போத்தல் துண்டு. என்னிடம் ‘மரகதம்’ என்று கொண்டுவந்தவற்றில் பாதி பியர் போத்தல்.

இதையெல்லாம் நான் ஏன் நாக்கு வறளச் சொல்கிறேன்? பிரதேச செயலக அம்மையார் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், அவர் இடையில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். இந்த வாசிகசாலைக்கு ஒரு கல் அலுமாரி வேண்டும். நான்கு தட்டு, கண்ணாடிக் கதவு, ஒரு பூட்டு. வேறொன்றும் வேண்டாம். புல்மோட்டையில் கிடைக்கும் கனியம் எது என்று பரீட்சையில் கேட்டால் நம் பிள்ளைகள் இல்மனைட் என்று எழுதிவிடுவார்கள். அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளை இந்த மண்டபத்தில் எத்தனை? கை தூக்குங்கள். இரண்டு. அதில் ஒன்று என் பேத்தி.

அலுமாரியில் ஒவ்வொரு கல்லுக்கும் தமிழில் பெயர் எழுதி வைக்க வேண்டும். எங்கே எடுத்தது, எந்த மாதம், தண்ணீரில் எவ்வளவு நின்றது. கல் நான் தருகிறேன். பெயரும் நானே எழுதுகிறேன். நான்கு வருடமாகக் கேட்கிறேன்.

ஏன் பூட்டு என்கிறேன் என்றால், முன்பு ஓர் அலுவலகத்துக்கு நாற்பத்திரண்டு கல் கொடுத்தேன். காட்சிக்கு வைப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் ஓர் அத்தாட்சிப் பத்திரத்துக்காகப் போனேன். என் பெரிய வெண்படிகம் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்திருந்தது. ஐந்தாறு கல் பூச்சாடிக்குள். கார்னட் பதிந்த பாறைத்துண்டு விடுமுறை விண்ணப்பங்களுக்கு மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. அங்கே இருந்த ஐயாவிடம் கேட்டேன். “நல்ல கல்லு ஐயா, பேப்பர் பறக்காது” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. கதவைக் கண்டவருக்குக் கல்லைக் காணவில்லை. பழமொழியில் நாய்க்குப் பதில் கதவு.

உள்ளூராட்சி உறுப்பினர்களே, இரத்தினபுரிக்குச் சுற்றுலாப் போனால் பிள்ளைகளைக் கல் நூதனசாலைக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே கிணறு வெட்டியபோது 510 கிலோ நீலக்கல் திரள் வந்தது என்று 2021 இல் உலகமே பேசியது. நமக்கு அப்படி வராமல் போகலாம், பரவாயில்லை. கோணேசர் மலையடியிலும், நிலாவெளியிலும், குச்சவெளியிலும் கிடக்கும் கல்லுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் வந்தால் போதும். அலுமாரிக்குத் தச்சுக்கூலியில் பாதி நான் தருகிறேன். மீதிப் பாதிக்கு இந்த முன்வரிசையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் பேசுகிறேன்.

செயலாளர் துண்டு அனுப்பியிருக்கிறார். ‘தேநீர் ஆறுகிறது’ என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது விடயமான தீட்டி மினுக்குவது அடுத்த போயாவுக்கு. அதற்குள் அலுமாரி வந்திருந்தால் அதன் முன்னால் நின்று பேசுகிறேன், வராவிட்டால் அலுமாரியைப் பற்றியே பேசுகிறேன்.

தட்டம் மேடைக்கு வந்துவிட்டதா? தாருங்கள் தம்பி. பிளேன்ரீப் படிகம் இருக்கிறது. கார்னட் இருக்கிறது. அரிசிமலைச் சிமிழ், கரிய மணல் சிமிழ், வெண்படிகம், என் பொய் அகேட். ஆறு. ஏழாவதைக் காணவில்லை. கடல்நீல நிறத்தில், கண்ணாடிபோல வழவழப்பாக, விரல் நுனி அளவு இருந்ததே, அது.

எடுத்த அன்பர் வைத்திருக்கட்டும், நான் கேட்க மாட்டேன். வீட்டுக்குப் போனதும் லென்ஸ் வைத்து உள்ளே குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து வயிற்று மருந்துப் போத்தல் அந்த நிறத்தில்தான் வரும்.