ஆறரை மணி பஸ்சும் அந்தி நேரப் பள்ளிக்கூடமும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. மைக் பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி. மேடையில இருக்கற ஊர் கவுடர் அய்யா அவர்களே, ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம வந்திருக்கற ஹெட்மாஸ்டர் அம்மா அவர்களே, வார்டு மெம்பர் அவர்களே, எஸ்டேட் ரைட்டர் அவர்களே (அவரு சொல்லித்தான் இந்த ஹாலே கிடைச்சது, அதனால அவருக்கு தனியா ஒரு கைதட்டு குடுங்க), ஃபாரஸ்ட் ரேஞ்சர் சார் அவர்களே, உங்களைப் பத்தி நடுவுல பேசுவேன் சார், கோவிச்சுக்காதீங்க. பொன்னாடை போத்துன மகளிர் குழு அம்மாக்களுக்கும் நன்றி, இந்த நீலகிரி குளிருக்கு நெஜமாவே உபயோகமா இருக்கு. எல்லாத்துக்கும் மேல, சம்பளமில்லாம சாயங்காலம் சாயங்காலம் புள்ளைங்களுக்கு சொல்லித்தர்ற நம்ம காலேஜ் பசங்க, பொண்ணுங்க, உங்களுக்கு வணக்கம்.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு வெளிய நடக்கற படிப்பு எப்படி இருக்கணும். ரெண்டு, வீட்டுல படகா, இருளர் மொழி, குறும்பர் மொழின்னு பேசற புள்ளைங்க தமிழ் பாடத்துக்குள்ள எப்படி வருவாங்க. மூணு, செல்போன். நேரம் இருக்கறதைப் பாத்து பேசறேன்.

எங்க அப்பாரு ஒரு பழமொழி சொல்லுவாரு, இங்க பாதி பேருக்கு என் வாயாலயே கேட்டு சலிச்சிருக்கும். ஆடிக் கறக்கற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடிக் கறக்கணும். நம்ம வாலன்டியருங்க செய்யறது இதைத்தான். ஸ்கூல்ல நாப்பது புள்ளைங்களையும் ஒரே பாட்டு பாடித்தான் கறக்க முடியும், டீச்சரம்மாவை குத்தம் சொல்ல முடியாது, சிலபஸ் முடிக்கணும். சாயங்கால கிளாஸ்ல சிலபஸ் கிடையாது, பரீட்சை கிடையாது, அதனால எந்தப் புள்ளைக்கு ஆடணும் எந்தப் புள்ளைக்கு பாடணும்னு பாத்துக்கலாம்.

இதுக்கு ஒரு கதை சொல்லியே ஆகணும். போன மழைக்காலத்துல நடந்தது. பேர் சொல்ல மாட்டேன், பி.காம் படிக்கற பொண்ணு, இந்த ஹால்லயேதான் கிளாஸ் எடுத்துட்டு இருக்கு. ஆறாவது ஏழாவது பசங்களுக்கு சதவீதம். பொண்ணு போர்டுல எழுதுது, பசங்க ஜன்னலைப் பாக்கறானுங்க. அப்ப பாத்து கரண்ட் போச்சு. சரி வீட்டுக்குப் போங்கடான்னு கதவைத் தொறந்தா வாசல்ல காட்டுமாடு நிக்குது. சின்னது இல்லீங்க, கொழுந்து ஏத்தற லீஃப் வண்டி சைஸு. தனி கடா. பொண்ணு படார்னு கதவைச் சாத்திருச்சு. லைன்ல, அதான் தொழிலாளர் குடியிருப்புல இருந்து, ஆளுங்க தகரம் தட்டறாங்க, டார்ச் அடிக்கறாங்க, "மாடு போச்சா?"ன்னு இவங்க உள்ள இருந்து கத்தறாங்க, "இல்லடா, திரும்பி நிக்குது!"ன்னு அவங்க வெளிய இருந்து கத்தறாங்க. ரேஞ்சர் சாருக்கு போன் போட்டா சார் வேற பக்கம் கரடி வெரட்ட போயிருக்காரு. சிரிக்காதீங்க, அவரும் ஒரு ஆளுதானே, எத்தனை பக்கம் போவாரு.

உள்ள யாரு மாட்டிக்கிட்டான்னா, பசங்களோட சேந்து, பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டியும். எஸ்டேட்ல ரிடையர் ஆன அம்மா, இப்ப வீட்டுக்குப் பக்கத்துல ஒரு துண்டு நெலத்துல கொழுந்து கிள்ளி ஏஜென்ட்டுக்குப் போடுது. இருட்டுல சும்மா உக்காந்திருக்கவும் மனசு கேக்காம மடியில இருந்து எடைச்சீட்டை எடுத்து, "கண்ணு, கொழுந்து ஈரத்துக்குப் பிடிக்கற தண்ணிக்கழிவு நூத்துக்கு அஞ்சுதான்னு ஏஜென்ட் சொன்னான், எனக்கென்னமோ ஒரு கை குறையற மாதிரி இருக்கு, கொஞ்சம் பாத்து சொல்லு"ங்குது. செல்போன் வெளிச்சத்துல பொண்ணு சீட்டை வாசிக்குது, கொழுந்து 46 கிலோ, கழிவு 4 கிலோ. பொண்ணு வாய் தொறக்கறதுக்குள்ள அந்த ஜன்னல் பாத்த பையன் சொல்றான், "அக்கா, நூத்துக்கு அஞ்சுன்னா பத்து கிலோவுக்கு அரைக் கிலோ, 40க்கு 2 கிலோ, மிச்சம் 6க்கு 300 கிராம், 2 கிலோ 300தான் வரணும்"ங்கறான். பாட்டி எந்திரிச்சு நின்னுருச்சு. "1 கிலோ 700ஐ தூக்கிட்டானா!"ன்னு அது போட்ட சத்தத்துலதான் காட்டுமாடே போச்சுன்னு லைன்ல இன்னைக்கும் சொல்றாங்க.

மறுநாள் சாயங்காலம் வந்து பாத்தா பாதி லைனும் இங்க நிக்குது, கையில எடைச்சீட்டு, பேங்க் பாஸ்புக், பி.எஃப் பேப்பர். அன்னைல இருந்து அந்தப் பசங்களுக்கு சதவீதம்னா அத்துப்படி. ஏஜென்ட் யாருன்னு கேக்காதீங்க, அவரும் இப்ப சரியா போடறாரு.

இது புதுசு ஒண்ணும் இல்லீங்க. 1969லயே நாட்டு நலப்பணித் திட்டம் வந்தாச்சு, காலேஜ் பசங்க கிராமத்துக்குப் போனாங்க. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே, 6ல இருந்து 12 வயசு வரைக்கும் புள்ளைங்க 25க்கு மேல இருந்தா எஸ்டேட்டே படிப்புக்கு வசதி பண்ணணும்னு சர்க்கார் விதி போடலாம்னு இருந்துச்சு. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோ அம்மாவும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்பறம் சிலோன்ல இருந்து வந்த நம்ம ஆளுங்க புள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுத்ததுல லயத்துல படிச்சிருந்த அண்ணன்மாருக்கும் பங்கு உண்டு.

இப்ப புதுக்கோட்டையைப் பத்தி சொல்லணும். 1991ல அங்க அறிவொளி இயக்கம், பெரியவங்களுக்கு எழுத்து சொல்லித்தர்ற இயக்கம். கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத் அம்மா. கல்குவாரியில வேலை செஞ்ச பொம்பளைங்களுக்கெல்லாம் எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக்குடுத்தாங்க. ஏன்? கிளாஸ் எங்கயோ வீடு எங்கயோ, சொல்லித்தர்றவளும் போகணும், படிக்கறவளும் வரணும், அண்ணனோ புருஷனோ கொண்டுவந்து விடுவான்னு காத்திருந்தா ஆவன்னாவே வராது. ஆக, படிப்புன்னா போக்குவரத்தும் சேந்ததுதாங்க. அவங்களுக்கு சைக்கிள். நமக்கு? இந்த ஏத்தத்துல சைக்கிள் மிதிச்சா நெஞ்சு வாய்க்கு வந்துரும். நமக்கு பஸ்சுதான்.

ஆமா, நான் எங்க சுத்துனாலும் இங்கதான் வருவேன்னு ஹெட்மாஸ்டர் அம்மா சிரிக்கறாங்க. சிரிங்கம்மா, ஆனா கணக்கைப் பாருங்க. 2021ல சர்க்காரோட இல்லம் தேடிக் கல்வி, வாலன்டியருங்க வீட்டுப் பக்கத்துலயே சொல்லித்தர்ற திட்டம், வந்தப்ப சாயங்காலம் 5ல இருந்து 7ன்னு நேரம் வெச்சாங்க. கீழ்நாட்டுக்கு, அதான் சமவெளிக்கு, சரி. கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், கரிக்கையூர் பக்கம் டிசம்பர்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும், பனி எறங்கிரும், காட்டுமாடும் கரடியும் ரோட்டுக்கு வந்துரும். 2024ல மலைக்கும் பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ்னு நீட்டிச்சாங்க, நல்ல திட்டம், நான் குறை சொல்லலை. டிக்கெட் ஃப்ரீ, ஆனா ஆறரைக்கு பஸ்ஸே இல்லாத ரூட்ல டிக்கெட்டை வெச்சு என்ன பண்றது? நம்ம வாலன்டியர் பொண்ணுங்க அஞ்சரைக்கே வாட்சைப் பாக்க ஆரம்பிச்சுருதுங்க. வீட்டுல அம்மா போன் மேல போன். ஒரு பொண்ணு நின்னே போச்சு. பசங்க பைக்ல வர்றானுங்க, சரி, ஆனா பொம்பளைப் புள்ளை நின்னா அந்த கிளாஸ்ல அடுத்த மாசம் சின்னப் பொண்ணுங்களும் நின்னுருதுங்க, நான் பாத்துட்டேன்.

அதனால ஆறரைக்கு ஒரு பஸ், மினி பஸ்சா இருந்தாலும் பரவாயில்லை. ரோடு வளையற அந்த பெண்டுல ரெண்டு தெருவிளக்கு. இவ்வளவுதான் கேக்கறோம். போன தடவை மனு குடுத்தப்ப பேசஞ்சர் இல்லைன்னு பதில் வந்துச்சு. பஸ் இல்லாத எடத்துல பேசஞ்சர் எப்படிங்க நிப்பான்? காட்டுமாடுதான் நிக்கும். அங்கயும் அதே பழமொழிதான், ஆபீசருங்கள்லயும் ஆடிக் கறக்கற மாடு இருக்கு, பாடிக் கறக்கற மாடு இருக்கு. போன தடவை பெரியவங்க போய் பாடுனோம், எறங்கலை. இந்த தடவை பசங்களே கணக்கு போட்டு வெச்சிருக்கானுங்க, எந்த லைன்ல இருந்து எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த ஸ்டாப்புல ஏறுவாங்கன்னு சார்ட் பேப்பர்ல. அந்த சதவீதப் பையன்தான் கூட்டிப் பாத்தான், அவனை எந்த ஆபீசரும் ஏமாத்த முடியாது.

நேரமாச்சுன்னு சீட்டு வருது. மொழி விஷயம் பெரிய விஷயம், அடுத்த கூட்டத்துல ஹெட்மாஸ்டர் அம்மாவே பேசட்டும். செல்போன் பத்தி இப்ப வேண்டாம், பாதி பேர் அதைத்தான் பாத்துட்டு இருக்கீங்க.

மனு அந்தப் பக்கம் டீ கேன் பக்கத்துல இருக்கு. கையெழுத்து போட்டுட்டு அப்பறம் டீ குடிங்க. நாளைக்கு திங்கக்கிழமை, ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் கூட்டம், காலையில முதல் பஸ்ஸுக்கு வர்றவங்க ரைட்டர்கிட்ட பேர் குடுங்க. ரேஞ்சர் சார், நீங்களும் ஒரு கையெழுத்து போட்டா நல்லா இருக்கும். வணக்கம்.