ஊர் கேட்கும் உரிமை எதுவரை?

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, குளச்சலில் இருந்தும் தக்கலையில் இருந்தும் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடு நாகர்கோவில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொதுவாழ்வில் இருப்பவரின் பாலீர்ப்பை, அதாவது அவருக்கு எந்தப் பாலினத்தார்மேல் ஈர்ப்பு என்பதை, அறிந்துகொள்ள மக்களுக்கு உரிமை உண்டா என்பது இன்றைய தலைப்பு. இல்லை என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் தம் உரையில் நக்கீரன் பத்திரிகை வழக்கைத் துணைக்கு அழைத்தார். "தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த பிறகு, அதைப் பற்றிப் பேசுவதில் என்ன அவமானம்?" என்றும் கேட்டார். முதல் வாதத்தில் பாதித் தீர்ப்புதான் இருக்கிறது. இரண்டாவது நல்ல வாதம். அதற்கு நிதானமாகவே விடை சொல்ல வேண்டும்.

மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் தன் வரலாற்றை எழுதினான். உயர் அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த தொடர்புகள் அதில் வருகின்றன என்று பேசப்பட்டது. அது நக்கீரனில் வெளிவராமல் தடுக்கச் சிறைத்துறை முயன்றபோது, ஆசிரியர் உச்ச நீதிமன்றம் சென்றார். அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தலைவர் இதுவரை சொல்லிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். அதே தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற சொந்த விவகாரங்களை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அச்செய்தி உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதால் இதில் வேறுபாடு இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. நேர்மையாகச் சொன்னால் விதிவிலக்குகளும் உண்டு: பொது ஆவணத்தில் ஏறிவிட்டவை, தாமாகவே சர்ச்சையில் இறங்கியவரின் நிலை, அரசு அதிகாரி தம் கடமையைச் செய்கையில் நடந்துகொண்ட விதம் ஆகியவை. கடமை என்ற அந்த எல்லையை நடுவர் கவனிக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தில் இருப்பவர் மணல் குவாரிக்கு எப்படி அனுமதி கொடுத்தார் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அவர் வீடு திரும்பியதும் யாரோடு உணவு உண்கிறார் என்று கேட்க இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, பாலீர்ப்பை அந்த உரிமையின் இன்றியமையாத கூறாகவே குறிப்பிட்டது.

இனி இரண்டாவது வாதம். குற்றமும் இல்லை, இழிவும் இல்லை. அப்படியிருக்க மறைப்பதால்தானே இழிவு நீடிக்கிறது, பெரிய மனிதர்கள் வெளியே தெரிந்தால் சின்னவர்களுக்குத் துணிவு வரும் அல்லவா என்கிறார்கள். நல்ல நோக்கத்தோடு இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1975 செப்டம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் அமெரிக்க அதிபர் ஃபோர்டை ஒரு பெண் துப்பாக்கியால் சுட்டாள். கூட்டத்தில் நின்றிருந்த ஆலிவர் சிப்பிள் என்ற முன்னாள் போர்வீரர் பாய்ந்து அவள் கையைப் பற்றியதால் அதிபர் பிழைத்தார். சிப்பிள் தன்பாலீர்ப்பாளர். அந்நகரில் அவருடைய நண்பர்கள் பலருக்கு அது தெரியும்; டெட்ராய்ட்டில் இருந்த பெற்றோருக்குத் தெரியாது. "எங்களைக் கோழைகள் என்று ஏசும் நாடு, அதிபரைக் காத்தவன் எங்களில் ஒருவன் என்று அறியட்டும்" என்ற எண்ணத்தில், அவரை அறிந்தவர்களே செய்தியைக் கசியவிட்டார்கள். ஒரு பத்தியாளர் எழுதினார். அதை எழுத வேண்டாம் என்று சிப்பிள் செய்தியாளர்களிடம் கேட்டுக்கொண்டும் பயனில்லை. மகனின் வீரத்தைப் படிக்க வேண்டிய தாய், பத்திரிகையில் வேறொன்றைப் படித்து, அவரோடு பேச்சை முறித்துக்கொண்டார். சிப்பிள் வழக்குத் தொடுத்தார். நகரில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திதானே என்று 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1989இல், 47 வயதில், தம் வீட்டில் தனியே இறந்து கிடந்தார்.

எதிரணி இங்கே முன்வைக்கும் நியாயம் அனைத்தும் அந்த நண்பர்களிடமும் இருந்தது. பாராட்டு இருந்தது, சமூக நோக்கம் இருந்தது, செய்தியும் உண்மைதான். சம்மதம் ஒன்றுதான் இல்லை. நண்பர்களிடம் சொல்லி, தாயிடம் சொல்லாமல் வைத்திருந்தது அவர் யோசித்து எடுத்த முடிவு. எப்போது, யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பதை அவரிடமிருந்து பறித்தார்கள். நம் நாட்டு ஓட்டப்பந்தய வீராங்கனை தூத்தி சந்த் 2019இல் தம் வாயாலேயே தம் காதலைச் சொன்னார். அதனால் துணிவு பெற்றவர்கள் இருப்பார்கள். அவர் சொன்னதால் வந்த துணிவு அது. பிறர் துப்பறிந்து சொல்லியிருந்தால் பயம்தான் மிஞ்சியிருக்கும்.

நான் இதுவரை உண்மைச் செய்தியைப் பற்றியே பேசினேன். நம்மிடையே நடப்பது பெரும்பாலும் ஊகம். நாற்பது வயதாகியும் ஓர் இசையமைப்பாளர் மணம் முடிக்கவில்லை, ஒரு நடிகர் நண்பரோடு வெளிநாடு போனார், ஒரு தலைவர் நடக்கும் நடை ஒரு மாதிரி இருக்கிறது, இவ்வளவுதான் சான்று. முன்பு "மூன்றெழுத்து நடிகர்" என்று எழுதிக் கொஞ்சமாவது கூச்சம் காட்டினார்கள். இப்போது காணொளியில் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்துவிடுகிறார்கள். இதில் மாட்டியவருக்குத் தப்பும் வழியே இல்லை. மறுத்தால் பூசி மெழுகுகிறார் என்பார்கள், பேசாமல் இருந்தால் மௌனம் சம்மதம் என்பார்கள், ஆம் என்றால் அன்றே சொன்னோமே என்பார்கள்.

இதனால் அந்த நடிகருக்கு என்ன நட்டம், அவருக்குப் பணமும் பாதுகாப்பும் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். வடசேரிப் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு தேநீர்க்கடையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கைப்பேசியில் அந்தக் காணொளியை ஓடவிடுகிறார். நான்கு பேர் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருவர் மணிக்கட்டை வளைத்து நடித்தும் காட்டுகிறார். பெஞ்சின் ஓரத்தில், பாலிடெக்னிக் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பையன் தானும் சிரிக்கிறான். சிரிக்காவிட்டால் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நடிகரைப் பற்றிப் பேசியவர்கள் தமக்குத் தெரியாமலே அந்தப் பையனிடம்தான் பேசினார்கள். அவன் இனி எதையும் தன் அம்மாவிடம் சொல்ல மாட்டான்.

கிசுகிசுவின் விலை என்னவென்று இந்த மண்ணுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடிகர்களின் சொந்த வாழ்க்கையை எழுதியே பிழைத்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944இல் சென்னையில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரோடு நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறை சென்று, 1947இல்தான் விடுதலையானார். கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அடுத்தவர் படுக்கையறையை விற்றுக் காசு பார்க்கும் தொழில், எழுதியவர், எழுதப்பட்டவர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை.

தமிழ் மரபு ஒளிவுமறைவற்றது, காதலைப் பாடாத கவிஞன் இல்லை என்றார் எதிரணியின் தங்கை. பாடினார்கள் உண்மை. எப்படிப் பாடினார்கள்? அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. சேரனோ பாண்டியனோ, வென்ற போர்களுக்குப் பெயரோடு புகழ் பாடலாம். காதலைப் பாடும்போது அவன் பெயரில்லாத ஒரு தலைவன். அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்றும், அந்த அதங்கோடு நம் மாவட்டத்து ஊர் என்றும் மேடைதோறும் மார்தட்டுகிறோம். தட்டிக்கொள்வோம், விதியையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வோம்.

எதிரணி இன்னும் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது என்று அறிவேன்: தன்பாலீர்ப்பாளருக்கு எதிராகச் சட்டமன்றத்தில் முழங்கிவிட்டு, தானே அப்படி வாழும் அரசியல்வாதியை என்ன செய்வது? அவருடைய முழக்கம் அவைக்குறிப்பில் இருக்கிறது, வாக்கு பதிவாகியிருக்கிறது. அவற்றை வைத்து அவரைத் தோற்கடியுங்கள். அவர் மூட்டிய வெறுப்பை அவர்மேலே திருப்பினால், வெறுப்புதான் இன்னொரு முறை வெற்றி பெறும். பதவியைக் காட்டி ஒருவரை அச்சுறுத்தினார், சம்மதமின்றித் தொட்டார் என்றால் அது குற்றம். ஆணிடம் செய்தாலும் பெண்ணிடம் செய்தாலும் குற்றம்தான். அதை எழுதுங்கள், வழக்குப் போடுங்கள், நாங்களும் உடன் வருகிறோம்.

நடுவர் தீர்ப்பு எழுதும் முன் எதிரணியிடம் ஒரு கேள்விக்கு விடை பெற்றுத் தர வேண்டுகிறேன். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பாலீர்ப்பு இன்னது என்று நாளைக் காலை நமக்குத் தெரிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு சாலை, குடிநீர், மீன்பிடித் துறைமுகம் ஆகியவற்றில் அவருடைய எந்த முடிவை நாம் மாற்றி மதிப்பிடப் போகிறோம்? ஒன்றே ஒன்றை எதிரணியின் அடுத்த பேச்சாளர் காட்டினால் போதும் என்று கூறி, வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு நன்றி தெரிவித்து அமர்கிறேன்.