அந்த ஒரு அடி எங்கே போனது?

நடுவர் ஐயாவுக்கும், இரு அணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். காரின் திறனை எடைபோட பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் விநாடிக் கணக்கு உதவுமா, உதவாதா? உதவாது என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி இரண்டு சொன்னார். ஒன்று, "விநாடி பொய் சொல்லாது." இன்னொன்று, "விநாடிக் கணக்கு வேண்டாம்னா இவங்க எல்லாரும் மாட்டு வண்டி வாங்கிக்கலாம்." இரண்டாவதுக்கு நீங்கள் தட்டிய கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. மாட்டு வண்டிக்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் அந்தப் பொய் சொல்லாத விநாடியைப் பார்த்துவிடுவோம்.

2021-இல் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் வந்தது. பூஜ்யத்திலிருந்து மணிக்கு 60 மைல், 1.99 விநாடி. உலகமே வாய் பிளந்தது. கூடவே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: முதல் ஓர் அடி உருண்ட நேரத்தைக் கழித்து.

ஓர் அடி! அது என்ன ஓர் அடி?

அமெரிக்காவில் டிராக் ரேஸ் என்று கால் மைல் பந்தயம் நடக்கும். 402 மீட்டர், நேர் கோடு. புறப்படும் இடத்தில் தரையை ஒட்டி ஓர் ஒளிக்கதிர். முன்சக்கரம் அந்தக் கதிரை மறைத்துக்கொண்டு நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி கிளம்பிவிடும், ஆனால் கடிகாரம் கிளம்பாது. சக்கரம் உருண்டு கதிரை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓடும். அதற்குள் வண்டி ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்திருக்கும். பந்தயத்தில் இதனால் கெடுதல் இல்லை, இரண்டு வண்டிக்கும் ஒரே கதிர்தானே. ஆனால் அங்கே பல பத்திரிகைகளும் சில கம்பெனிகளும் அதே வழக்கத்தைச் சாதாரண ரோட்டு காரின் கணக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

ஓர் அடி என்றால் 30 சென்டிமீட்டர், அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். கணக்குப் போடுவோம். மேலிருந்து விழும் கல் வேகம் பிடிப்பது போல வேகம் பிடிக்கிற வண்டிக்கு அந்த 30 சென்டிமீட்டரைக் கடக்கக் கால் விநாடி ஆகிறது. கடந்து முடிக்கும்போது வண்டி ஏற்கெனவே மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் கடிகாரத்தை அமுக்குகிறார்கள். அம்மா, உங்கள் வீட்டுப் பையன் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடுகிறான். விசில் ஊதியதும் அவனுக்குக் கடிகாரத்தை அமுக்கிவிடுகிறார்கள். பக்கத்துக் கோட்டில் இன்னொரு பையன். அவன் கிளம்பி, முதல் எட்டை எடுத்து வைத்து, வேகம் பிடித்த பிறகு அவனுக்கு அமுக்குகிறார்கள். அவன் முதலில் வந்தான் என்று சொன்னால் நீங்கள் வீட்டுக்குப் போவீர்களா, வாத்தியார் சட்டையைப் பிடிப்பீர்களா?

அந்த ஓர் அடி முன்னால் போனது. பின்னால் என்ன போனது தெரியுமா? 60 மைல் என்பது 96.56 கிலோமீட்டர். நாம் கேட்பது 100. மேலே மூன்றரை கிலோமீட்டர் வேகம் அளக்கவே இல்லை. அந்த மூன்றரைக்குள் ஒரு கியர் மாற்றம் ஒளிந்திருக்கும் வண்டிகள் உண்டு. இரண்டாவது கியரிலேயே 60 மைல் தாண்டட்டும் என்று பல் எண்ணிக்கையை அமைத்துவிடுவார்கள். அமெரிக்கப் பத்திரிகையில் அந்த வண்டி புலி. இங்கே 100-ஐத் தொட மூன்றாவது கியர் போட்டாக வேண்டும், மேனுவல் என்றால் அதற்கே அரை விநாடி போய்விடும். ஒரே வண்டி, ஒரே எஞ்சின், இரண்டு ஊரில் இரண்டு ஜாதகம். முன்னால் ஓர் அடி, பின்னால் மூன்றரை கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் நறுக்கிவிட்டு, "பூஜ்யத்திலிருந்து நூறு" என்று நடுவில் இருப்பதை நம் கையில் கொடுக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. அந்த பிளெய்ட் பத்திரிகைச் சோதனையில் 2 விநாடிக்குள் வந்தது எந்த ரோட்டில்? டயர் ஒட்டிக்கொள்ளும்படி பிசின் தெளித்த டிராக் ரேஸ் தளத்தில். முன்னதாக பேட்டரியைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவரப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு இடது கால் பிரேக்கில், வலது கால் முழு ஆக்சிலரேட்டரில். வண்டி சிறுத்தை மாதிரி முன்பக்கத்தைத் தாழ்த்திக்கொள்ளும். அதன் பிறகுதான் பாய்ச்சல். அதுவும் பேட்டரி நிறைய இருக்கும்போது. மின்சார வண்டியில் சார்ஜ் இறங்க இறங்க, அது தருகிற சக்தியும் இறங்கும். தம்பி, விநாடி பொய் சொல்லாது, சரி. எந்த விநாடியில் அமுக்கினார்கள் என்பதை யார் சொல்வது?

இப்போது மாட்டு வண்டி.

தம்பி, நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள், நான் அதைக் கும்பிட்டு எடுத்துக்கொள்கிறேன். கொங்கு மண்ணில் நின்று மாட்டு வண்டியைப் பேசினால் அது வாதத்துக்கு வந்த வரம். இங்கே ரேக்ளா நடக்கிறது. 200 மீட்டர், 300 மீட்டர். விநாடியைப் புள்ளி வைத்து அளக்கிறார்கள். காங்கேயம் காளை, பருத்திக்கொட்டை வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்த காளை. வண்டி எவ்வளவு கனம்? ஒரு ஆள் தூக்கி நிறுத்தலாம். மேலே எத்தனை பேர்? ஒரே ஒருவர். தரை? கல் பொறுக்கி, சமன் செய்த தரை. அதாவது உங்கள் பூஜ்யத்திலிருந்து நூறு சோதனையை இந்த மண்ணும் நடத்திக்கொண்டிருக்கிறது!

ஆனால் கேளுங்கள். கண்ணபுரம் சந்தைக்கோ, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கோ பாரவண்டிக்கு மாடு பிடிக்கப் போகிற விவசாயி, "இந்தக் காளை 200 மீட்டர் எத்தனை விநாடி?" என்று கேட்பாரா? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குளம்பைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நுகத்தில் பூட்டி நடக்க விட்டு, ஜோடி சேருகிறதா என்று பார்ப்பார். மேட்டில் பாரம் இழுக்கும்போது முன்னங்கால் ஊன்றுகிறதா? இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து நெருக்கும்போது, பூட்டாங்கயிறு கழுத்தில் அழுந்த அழுந்தத் தாங்கி இறங்குகிறதா? இதெல்லாம் பார்த்த பிறகுதான் துண்டுக்குள்ளே கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். ரேக்ளா விநாடியை அளந்த அதே ஊர்க்காரர்தான் இவர். அளக்கத் தெரியாமல் இல்லை. எதற்கு எதை அளப்பது என்று தெரிந்தவர். மாட்டு வண்டி வாங்குகிறவருக்கு இருக்கிற இந்த விவரம் கார் வாங்குகிறவருக்கும் வேண்டும் என்பதைத்தான் இங்கே கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மேடு ஏறுவதைக் காரில் எப்படிப் பார்ப்பது? நம் ஆட்கள் வைத்திருக்கும் சொல்லிலேயே விடை இருக்கிறது. "வண்டி நூறுக்கு எத்தனை விநாடி?" என்று ஊர்ப்பக்கம் யாரும் கேட்பதில்லை. "பிக்கப் எப்படிங்க?" என்றுதான் கேட்பார்கள். பிக்கப் என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் இழுப்பது. நின்ற இடத்திலிருந்து பாய்வது வேறு, இது வேறு. மேனுவல் வண்டியில் நூறு சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேலே ஏற்றி கிளட்ச்சை விடுகிறார்கள். 6,000 வரை முறுக்கி அடுத்த கியர். சுற்று 3,000-க்குக் கீழே இறங்குவதே இல்லை. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. அது வைத்த சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு மூச்சு வாங்குவது எங்கே? 1,800-க்குக் கீழே. அந்த இடத்தைச் சோதனை தொடவே இல்லை! நீங்கள் நாலாவது கியரில் 40-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், எஞ்சின் 1,500 சுற்றில் இருக்கிறது. பஸ்ஸைத் தாண்ட மிதிக்கிறீர்கள். ஒன்று... இரண்டு... டர்போ இன்னும் யோசிக்கிறது. நூறு கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, ரோட்டில் பேந்தப் பேந்த முழிக்கிறது.

இதற்கும் அமெரிக்காவில் ஒரு சோதனை உண்டு. நின்ற இடத்திலிருந்து தொடங்காமல், மணிக்கு 5 மைலில் உருண்டுகொண்டிருக்கும்போது மிதித்து 60 வரை அளப்பார்கள். 5 மைல் முன்கூட்டியே கிடைத்துவிட்டது, அப்படியானால் நேரம் குறைய வேண்டும் அல்லவா? சில டர்போ வண்டிகளில் ஒரு விநாடிக்கும் மேலே கூடிவிடுகிறது! கிளட்ச்சை உதைத்து விடுகிற வித்தை இல்லாதபோது, எஞ்சின் தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கால் மைல் முடிவில் வண்டி தொடுகிற வேகம் நல்ல தகவல். எடைக்குத் தகுந்த சக்தி இருக்கிறதா என்பதை அது பிட்டு வைக்கும். நம் நாட்டுப் பத்திரிகைகள் 20–80, 40–100 என்று அளந்து போடுகிறார்களே, அதைப் படியுங்கள். 80-இலிருந்து நிற்கிற தூரத்தைப் படியுங்கள். சண்டை அளவுகோலோடு இல்லை, தலைப்பில் கொட்டை எழுத்தில் போடுகிற அந்த ஒற்றை எண்ணோடு.

சோதனை வண்டியில் இருப்பது ஒருவர், மிஞ்சினால் இருவர். உங்கள் வண்டியில்? மேலும் நாலு பேர், டிக்கியில் பை, ஒரு மூட்டை அரிசி. ஆளோடு 1,000 கிலோ வண்டியில் 300 கிலோ கூடினால், அதே எஞ்சினுக்கு வேலை முப்பது சதவீதம் கூடுகிறது. 12 விநாடி, 15-ஐத் தாண்டும். அதே வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப் போங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அதனால் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு போங்கள். வேகத்தடை தாண்டி இரண்டாவது கியரில் 15-இல் மிதித்துப் பாருங்கள், திணறுகிறதா? பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், பின்னால் சறுக்குகிறதா, கிளட்ச் வாடை வருகிறதா? ரோடு காலியாக இருக்கும்போது மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80, பக்கத்தில் இருப்பவர் போனில் அளக்கட்டும். ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டக்கூடாது என்று விதி. அதனால் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், கைக்கணக்கு வண்டிக்குச் சாதகமாகவே வரும். இரண்டு வண்டியையும் ஒரே ரோட்டில், ஒரே ஆட்களோடு அளந்தால் ஒப்பீடு நிற்கும்.

நடுவர் ஐயா, மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன்.

ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு குடும்பம் இருவழிச் சாலையில் திரும்பி வருகிறது. முன்னால் 60-இல் ஒரு லாரி. லாரி 12 மீட்டர். பின்னால் 20, முன்னால் 20 மீட்டர் இடைவெளி, கார் 4 மீட்டர். மொத்தம் 56 மீட்டரை லாரியைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். 60-இலிருந்து 100-க்கு 8 விநாடியில் போகிற வண்டிக்கு அது 9 விநாடி வேலை. 12 விநாடி எடுக்கிற வண்டிக்கு 11. இந்த இரண்டு விநாடிக்குள் எதிரே 80-இல் வருகிற பஸ் 44 மீட்டர் ஓடி வந்துவிடும். அந்த இரண்டு விநாடி எந்த விளம்பரத்திலும் இல்லை.

ஸ்டியரிங்கில் இருக்கிற அப்பன் எட்டிப் பார்க்கிறார். தூரத்தில் ஒரு வெளிச்சம். பைக்கா, பஸ்ஸா தெரியவில்லை. பக்கத்தில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்த கை மட்டும் இறுகுகிறது. பின்னால் பாட்டி மடியில் குழந்தை, நெற்றியில் திருநீறு, கையில் பஞ்சாமிர்த டப்பாவை விடாமல் தூங்குகிறது. அப்பன் மிதிக்கத் தூக்கிய காலை இறக்கிக்கொள்கிறார். லாரிக்குப் பின்னாலேயே வருகிறார். இருபது நிமிடம் தாமதம்.

வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. இஞ்சின் சத்தம் அடங்கினதும் குழந்தை கண்ணைத் திறக்காமலே கேட்கிறது:

"வந்துட்டமாப்பா?"

"வந்துட்டோம் சாமி, நீ தூங்கு."

வணக்கம்.