இரண்டு தம்பிகளும் ஒரு குடும்ப அட்டையும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் எழுதியிருக்கும் நகைச்சுவை நாவலைப் பற்றிப் பேச நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். தன்பாலீர்ப்புள்ள இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் வாழ்க்கையும், சின்ன வயதில் பிரிந்துபோன ஓர் அண்ணன் தம்பியும் அதில் வருகிறார்கள். கதை பெரும்பாலும் நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே நடக்கிறது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தெரு. அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வயது 69. ஜங்ஷன் பக்கம் அச்சகம் நடத்துகிறவர். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் பேர் வாங்கியவர். அவரோடு இருப்பவர் செல்லையா. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் தவசிப்பிள்ளை. 35 வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. தெருவைப் பொறுத்தவரை அவர்கள் அண்ணன் தம்பி.

அது எப்படி வந்தது என்றால், வீடு கேட்டுப் போன அன்றைக்கு, கல்யாணமாகாத ஆம்பிளைகளுக்கு வீடு விடுவதில்லை என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்தப் போனார். "இவன் என் தம்பி" என்று அண்ணாச்சி வாய் சொல்லிவிட்டது. வீடு கிடைத்துவிட்டது. அந்த ஒரு சொல் பிறகு குடும்ப அட்டையில் ஏறியது, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறியது, கோயில் வரிப் புத்தகத்தில் ஏறியது. இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஒருவர் பனைமர உயரம், மற்றவர் அவர் தோளுக்கு வரமாட்டார். ஆனாலும் தெருவில், "மூக்கு மட்டும் அப்படியே அப்பா மூக்கு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அப்பாவை அவர்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பிரிந்த சகோதரர் கதை உலகத்துக்குப் புதிதில்லை. 2,200 வருஷத்துக்கு முன்னால் ரோம் நகரத்தில் பிளாட்டஸ் எழுதிய நாடகத்திலேயே இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துபோய்ச் சேருகிறார்கள். ஷேக்ஸ்பியர் அதை எடுத்து இரண்டு ஜோடி ஆக்கினார். உருவம் ஒத்திருப்பதால் ஆள் மாறிப் போவதுதான் அங்கே வேடிக்கை. என் கதையில் கொஞ்சமும் ஒத்திராத இரண்டு பேரை ஊரே கூடி உடன்பிறப்பாக்கி வைத்திருக்கிறது.

இந்த நிலைமையில் 2024-இல் ஒரு நாள் காலை நிஜத் தம்பி வந்து நிற்கிறார்.

நம்ம சீமையில் உடன்பிறப்புகள் எப்படித் தொலைந்தார்கள் என்று தேடினால் கடலுக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். கொழும்பு, கண்டி, அட்டன் என்று கடை வைத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஊரில் ஒரு குடும்பம், அக்கரையில் ஒரு குடும்பம் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. வீட்டில் அதைப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்கினார்கள், பிறகு கூடலூர், கோத்தகிரி என்று தேயிலைக் காட்டுக்கே திரும்பவும் அனுப்பப்பட்டார்கள். தாய் பிள்ளைகள் திசைக்கொன்றாகச் சிதறிய கதையை நீலகிரியில் இன்றைக்கும் கேட்கலாம்.

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அப்பா அட்டனில் கடை வைத்திருந்தவர். ஒரு கோடை விடுமுறைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போய், தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தையைக் காட்டி, "உன் தம்பிலே" என்றார். அப்புறம் அப்பா அங்கேயே இறந்து போனார், கடிதம் நின்று போனது. அந்தக் குழந்தைதான் இப்போது கூடலூரிலிருந்து வந்து வாசலில் நிற்கும் ராசையா, வயது 62. மகளுக்குக் கல்யாணம், பெரியப்பா என்று ஒருவர் மேடையில் நிற்க வேண்டும் என்று தேடி வந்திருக்கிறார். வேறு ஒன்றும் கேட்டு வரவில்லை.

அண்ணாச்சி அழுதார், கட்டிப் பிடித்தார், செல்லையா அவசரமாக ரவைக் கேசரி கிண்டினார். சந்தோஷத்தில் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார்: "சேரன்மகாதேவியில, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல, அப்பா பேர்ல வயக்காடு கெடக்கு. உனக்குப் பாதிடே." பட்டா இன்னும் அப்பா பேரில். அதை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் என்றால் கிராம நிர்வாக அலுவலர் தெருவுக்கு வந்து அக்கம்பக்கம் விசாரிப்பார். அவர் எழுதி, வருவாய் ஆய்வாளர் எழுதி, பிறகுதான் தாசில்தார் கையெழுத்து. நல்ல மனதோடு ஆரம்பித்த காரியம் இரண்டு பேரையும் இப்படித்தான் நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அந்த விசாரணையை ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருக்கிறேன். கொஞ்சம் வாசிக்கிறேன்.

"செத்துப்போனவருக்கு ஆம்பிளைப் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார் அலுவலர்.

"ரெண்டு" என்றார் பால்காரர்.

"ரெண்டேதான்" என்றார் தேய்ப்புக்கடைக்காரர். "இந்தா நிக்காவல்லா, அண்ணாச்சியும் செல்லையா அண்ணாச்சியும்."

"அப்போ இவரு யாரு?" ராசையா பக்கம் பேனா திரும்பியது.

"அவுஹ கூடலூர்லருந்து வந்த விருந்தாளி."

செல்லையா அடுப்படிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செல்லையா தம்பி என்றால் ராசையாவின் பங்கு போச்சு. தம்பி இல்லை என்றால், அப்புறம் யார் என்று அடுத்த கேள்வி வரும். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எய்யா, எழுதிக்கோரும். செல்லையா இவனுக்குத் தம்பி இல்ல."

தெரு வாயடைத்து நின்றது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும் ஆச்சி?"

"முப்பத்தஞ்சு வருசமாப் பாக்கேன். தம்பின்னா ஒருநாளாவது சொத்துக்குச் சண்டை போட்டிருக்கமாட்டானா?"

"தம்பி இல்லேன்னா, அப்போ என்ன ஒறவு?"

"என்னவே கேக்கீரு? அவன் இவன் வீட்டுக்காரன். காப்பி ஆறுது, குடியும்."

அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டு, நோட்டில் கவனமாக எழுதினார்: 'செல்லையா, வீட்டு உரிமையாளர்.'

இங்கே வாசிப்பை நிறுத்துகிறேன். நிஜ வீட்டு உரிமையாளர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பதறி ஓடி வருவது அடுத்த அத்தியாயம்.

இதை ஏன் சிரிப்புக் கதையாக எழுத வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எனக்குள் இருக்கும் ஒரு கோபம்தான் அதற்குக் காரணம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் கதையைப் பதிப்பித்து வைத்தார். பிராமண வீட்டுப் பையன், அண்ணன்மாரோடு பிணங்கிக்கொண்டு மலையாளத்துப் பக்கம் போய்விடுகிறான். அண்ணன்மார் தேடித் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருகிறார்கள். நம்ம மண்ணின் பெரிய 'தொலைந்த தம்பி' கதை இதுதான். வருகிற வழியில் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் பார்த்து மனதைக் கொடுத்துவிடுகிறான். அண்ணன்மாருக்கு விஷயம் தெரிந்ததும், அத்தனை பாசமாகத் தேடிக் கண்டுபிடித்த அதே கைகளால் அவனைப் பிடித்து அடைத்துப் போடுகிறார்கள். அவன் தப்பித்துப் போய், பூணூலை அறுத்து, குடுமியை அறுத்து, செருப்புத் தைக்கப் பழகி, அந்தப் பெண்களைக் கட்டுகிறான். பிறகு மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். செத்த பிறகு சாமி.

அண்ணன்மார் தம்பியைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் பாசம் பொங்குகிறது. அவன் யாரிடம் மனதை வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. நான் தன்பாலீர்ப்புள்ளவன், இதே சீமையில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கதவுச் சத்தம் எங்களில் பலருக்குச் சொந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறது. வரம்பு மீறி நேசித்தவர்களைச் சாகவிட்டு, அதற்கப்புறம் பீடம் போட்டுப் படையல் வைக்கிற பழக்கம் நமக்கு நெடுங்காலமாக இருக்கிறது. என்னுடைய ஆட்கள் சாமியாக வேண்டாம். வயசாகி, மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டு, மறுவீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொதி சாப்பிட வேண்டும். சோகக் கதையில் அதற்கு இடம் கிடையாது, அதனால்தான் நகைச்சுவை.

எழுதும்போது ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அண்ணாச்சியும் செல்லையாவும் ஒருவரை ஒருவர் நேசிப்பது எந்தப் பக்கத்திலும் சிரிப்புக்குக் காரணமாக இருக்கக் கூடாது. சினிமாவில் இடுப்பை ஆட்டி நடக்கிற ஒருவரைக் காட்டி எத்தனையோ காலம் சிரிக்க வைத்தார்கள்; தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்த பையன்களில் நானும் ஒருவன். என் நாவலில் சிரிப்பு வருவது தெருவால், காகிதத்தால், சம்பந்தி வீட்டாரால், சாப்பாட்டால்.

காலமும் கொஞ்சம் கைகொடுத்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்த ஒரே பாலினத்தவர் மனமொத்து உறவுகொள்வதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. நாவலில் அன்றைக்குச் செல்லையா கல்யாண வீட்டில் வேலையாக இருக்கிறார். செய்தி அவருக்கு மறுநாள்தான் தெரிகிறது. நம்ம தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் கல்யாணம் செல்லும் என்று 2019-இல் தீர்ப்புச் சொன்னது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாமே முதலில் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். எங்களை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் வைத்தியத்துக்குத் தடை விதித்தார். எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். 2023-இல் ஒரே பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே அண்ணாச்சியும் செல்லையாவும் சட்டப்படி தம்பதி ஆக முடியாது. அண்ணாச்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், தன் பங்குச் சொத்தைச் செல்லையாவுக்கு என்று உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டு வருகிறார். நிஜ வாழ்க்கையிலும் இப்படி இருப்பவர்கள் அதைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி ராசையா. ஆச்சி சொன்னதைக் கேட்ட பிறகு ராசையா என்ன செய்தார்? கதையில் நான் அதிக நாள் எடுத்து எழுதிய இடம் இதுதான். அவர் அன்று ராத்திரி ஒன்றுமே பேசவில்லை. காலையில் எழுந்து, மகள் கல்யாணப் பத்திரிகையை அண்ணன் அச்சகத்திலேயே அடித்துக் கொடுக்கச் சொன்னார். அண்ணாச்சி வாசகத்தை எழுதிக் கொடுத்தார். பெண்ணின் பெரியப்பா என்று தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் பெரியம்மை பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். மெய்ப்புப் பார்க்கத் தாள் வந்தது. ராசையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். மஞ்சள் தடவ வேண்டிய நாலு மூலையையும் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் காலி இடத்தில் 'செல்லையா' என்று எழுதி, "அண்ணாச்சி, இங்ஙன எழுத்து விட்டுப்போச்சு பாருங்க" என்று தாளை நீட்டினார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கல்யாணம் கூடலூரில். மறுவீட்டுக்குச் செல்லையா சொதி வைக்கிறார். மலைக்குளிரில் தேங்காய்ப்பால் உறையுமா என்று அவருக்கு முந்தின நாளே கவலை. சிறுபருப்பை வேகவைத்து, இரண்டாம் பாலில் முருங்கைக்காயையும் உருளைக்கிழங்கையும் போட்டு, முதல் பால் ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். நீலகிரிச் சம்பந்தி வீட்டாருக்கு அது என்ன பதார்த்தம் என்றே புரியவில்லை. பாயசம் என்று நினைத்துக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். செல்லையா பந்தி பந்தியாகப் போய்ச் சோற்றில் ஊற்றிப் பிசையச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

திரும்பி வந்த பிறகு இன்னொரு வேலை பாக்கி. குடும்ப அட்டையில் செல்லையாவுக்கு நேரே இன்னும் 'தம்பி' என்றுதான் இருக்கிறது. இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ஒரே குடும்பமாகக் கருதி அட்டை கொடுக்கலாம் என்று 2024-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை ராசையா மடித்துப் பையில் வைத்திருக்கிறார். நாவலின் கடைசிப் பக்கத்தில் மூன்று பேரும் வட்ட வழங்கல் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ஆச்சியும் கூட வந்திருக்கிறாள், அங்கேயும் சாட்சி சொல்ல.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.