பெற்றவரே பிள்ளைக்கு எமனாகும்போது: நம் கோபம் எங்கே போகிறது?

[திரையில்: ஒரு செய்தித் தலைப்பு. குழந்தையின் படம் வேண்டாம்.]

"பெற்ற குழந்தையைக் கொன்ற தாய்." இதைப் படித்ததும் வாயில் வருவது, "இவளெல்லாம் ஒரு தாயா?" அடுத்தது, "கேஸ், கோர்ட் எல்லாம் எதற்கு? நடுரோட்டில் நிற்க வைத்து..." மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. கொன்றது தகப்பன் என்றால் இவ்வளவு நேரம் பேச மாட்டோம், அதையும் கவனியுங்கள்.

கோபம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் அது யார் தலையில் போய் விடிகிறது?

சில நேரம் நல்லதும் நடந்திருக்கிறது. 1874, நியூயார்க். மேரி எல்லன் என்ற சிறுமியை வளர்ப்புத் தாய் சாட்டையால் அடித்து, கத்தரிக்கோலால் முகத்தைக் கிழித்திருந்தாள். கோர்ட்டில் அந்தப் பிள்ளை சொன்னதைப் பத்திரிகைகள் அச்சிட, ஊரே கொதித்தது. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டு சிறை. அதே ஆண்டின் கடைசியில் குழந்தைகள் வதைத் தடுப்புக்கென்றே ஒரு சங்கம் அங்கே உருவானது. (விலங்குவதைச் சட்டத்தை வைத்துத்தான் அவளை மீட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. தவறு. ஆட்கொணர்வுச் சட்டத்தின் ஒரு பிரிவுதான் கைகொடுத்தது.)

இப்போது 2007, லண்டன். 17 மாதக் குழந்தை, வீட்டிலேயே வதைபட்டு, உடம்பில் 50-க்கும் மேற்பட்ட காயங்களோடு இறந்துபோனது. அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் சமூகப் பணியாளர், மருத்துவர் என்று ஏறக்குறைய 60 தடவை அந்தக் குழந்தையைப் பார்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு விவரம் வெளியே வந்ததும் நாடு கொந்தளித்தது. சமூகப் பணியாளர்களை வேலையை விட்டு நீக்கச் சொல்லி ஒரு நாளிதழ் கையெழுத்து வேட்டை நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. அந்தப் பகுதியின் குழந்தைகள் நலத் துறைத் தலைவியின் பதவியை அமைச்சரே பறித்தார். அது முறையற்ற நீக்கம் என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது அதைக் கேட்க அவ்வளவு கூட்டம் இல்லை. இதற்கிடையே, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கோரும் மனுக்கள் சரசரவென ஏறின. அதிகாரிகளுக்குப் பயம், குழந்தைகள் நல வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

"அரக்கி" என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. நம் வீட்டில் அரக்கி இல்லையே! ஆனால் 1969-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிலிப் ரெஸ்னிக் இத்தகைய கொலைகளை ஆராய்ந்து, காரணங்களை ஐந்தாகப் பிரித்தார். துணையைப் பழிவாங்குவதும் வேண்டாத குழந்தை என்பதும் அதில் உண்டு. கொல்லும் எண்ணமே இல்லாமல் அடித்ததில் செத்துப்போவதும், புத்தி பேதலித்த நிலையில் கொல்வதும், "என் பிள்ளை கஷ்டப்படக் கூடாது" என்று நினைத்தே கொல்வதும் உண்டு.

[திரையில்: அழுகை ஏறி இறங்கும் ஒரு வளைகோடு]

கைக்குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து ஏறும், இரண்டாவது மாதத்தில் உச்சம் தொடும், நான்காவது மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் ஆரம்பிக்கும். பால் கொடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, தோளில் போட்டுத் தட்டியாச்சு, நிற்கவில்லை. ராத்திரி தூங்காதவர் பொறுமையிழந்து தூக்கி உலுக்குகிறார். சில விநாடிகள்தான். கழுத்துக்கு வலுவில்லை, தலை கனம். உள்ளே ரத்தக்குழாய்கள் அறுந்துவிடும். இவரை எந்தத் தண்டனைச் சட்டமும் அந்த நொடியில் தடுக்காது. குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடம் வெளியே வரலாம், அழட்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம்.

அப்புறம், பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. இல்லாத குரல் கேட்பது, இல்லாததை உண்மை என்று நம்புவது என்று வரும் கடுமையான மனநோய் இது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். 2001-ல் டெக்சாஸில் ஒரு தாய் தன் ஐந்து குழந்தைகளையும் நீரில் மூழ்கடித்தாள். கணவர் வேலைக்குக் கிளம்பி, மாமியார் வந்துசேர்வதற்கு இடையிலிருந்த சுமார் ஒரு மணி நேரத்தில் நடந்தது அது. முதலில் ஆயுள் தண்டனை. 2006 மறுவிசாரணையில் மனநோயால் குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு.

குழந்தை பெற்றவள் நாள்கணக்கில் தூங்காமல், காதில் குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றாலோ, கோயில் குளம் என்று நாள் கடத்த வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை குழந்தையோடு அவளைத் தனியே விடக்கூடாது, ஒரு மணி நேரம்கூட.