அப்பாவிடம் கேட்காததைத் தாத்தாவிடம் கேட்டோம்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்காக ஆட்டோக்கூட நுழைய முடியாதபடி தெருவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டேரிப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நீண்ட காலம் வாழ்ந்து மறைந்த பெரியவரின் நினைவைக் காப்பவர்கள் பிள்ளைகளா, பேரப்பிள்ளைகளா?' இதுதான் தலைப்பு. நான் பேரப்பிள்ளைகளே என்று பேச வந்திருக்கிறேன். என் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று ராத்திரி எனக்கு வீட்டில் சோறு உண்டா என்பது உங்கள் தீர்ப்பில்தான் இருக்கிறது, நடுவர் அவர்களே.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மேஜையைத் தட்டிக் கேட்டார். "கொள்ளி வைப்பது யார்? வருடா வருடம் திதி கொடுப்பது யார்? ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தது யார்? பிள்ளை ஐயா, பிள்ளை!" கைதட்டல் அடங்க நேரமானது. அண்ணே, நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம். அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் கொள்ளிச் சட்டிக்குப் பக்கத்தில் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்களே! சரி, சடங்கை விடுவோம். யார் எதைச் செய்தார்கள் என்ற கணக்கில் எங்களால் ஜெயிக்க முடியாது. யாருக்கு எது தெரியும் என்ற கணக்குக்கு வாருங்கள்.

என் தாத்தா 2023-ல் போனார். வயது 91. கல்யாணச் சாவுதான். நம்ம பக்கத்து வழக்கப்படி அன்று ராத்திரி மரண கானா வைத்தோம். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கானா பாட வருகிறவர் முதலில் வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து செத்துப்போனவரைப் பற்றி விசாரிப்பார். பெயர், தொழில், பிள்ளைகுட்டி, பிடித்தது, பிடிக்காதது எல்லாம் கேட்டு, அதை வைத்துக் கட்டித்தான் விடிய விடியப் பாடுவார்.

அப்படித்தான் பெரியப்பாவிடம் கேட்டார். "பெரியவரைப் பத்திச் சொல்லுங்கண்ணே."

"மில்லுல வேல. தங்கமான மனுசன்."

"அப்புறம்?"

பெரியப்பா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "நைனா ரொம்பக் கண்டிப்பு" என்றார்.

"அப்புறம்?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா, "டீ சொல்லட்டுமா?" என்றார்.

மூன்று பிள்ளைகள், நடுவர் அவர்களே! 91 வருட வாழ்க்கை ஒரு டீயில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகள் நாங்கள் உட்கார்ந்தோம். தாத்தா 1950-ல் பி அண்ட் சி மில்லில், அதாவது நம்ம பெரம்பூர் பின்னி மில்லில், சேர்ந்ததிலிருந்து சொன்னோம். அதுவும் வீவிங்கில். நெய்தது பெரும்பாலும் காக்கித் துணி. அதனால் எந்தப் போலீஸ்காரரைப் பார்த்தாலும் முகத்தை விட்டுவிட்டுச் சட்டைத் துணியைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு கேரம் போட்டியில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ விழாமல் தோற்றதை 80 வயதிலும் சொல்லிப் புலம்புவார். ஆயாவுக்குத் தெரியாமல் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைத் தின்றுவிட்டு வந்து, ராத்திரி பசிக்கவில்லை என்பார். அன்று விடிய விடியப் பாடியதில் முக்கால்வாசி நாங்கள் கொடுத்த சரக்கு.

பிள்ளைகளுக்கு ஏன் தெரியவில்லை? அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஷிப்ட்! காலை ஷிப்ட் என்றால் பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் தாத்தா மில்லில் இருப்பார். நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம். ஒரே ரூம் வீடு. சத்தம் போடாதே என்று ஆயா பிள்ளைகளைத் தெருவுக்குத் துரத்திவிடுவார். 1990-ல் ரிட்டயர் ஆன மனிதர்தான் எங்கள் கைக்கு வந்தார்.

உடனே எதிரணி எழுந்து, "காயாக இருந்தபோது கசக்கக் கசக்கத் தின்றது நாங்கள், பழுத்த பிறகு வந்து பங்கு கேட்கிறீர்களா?" என்பார்கள். கேளுங்கள். அந்தக் கசப்பு என்னவென்றே உங்களுக்குத் தெரியாது என்று நான் நிரூபிக்கிறேன்.

என் அப்பாவுக்கு அவருடைய அப்பாவைப் பற்றிய பெரிய நினைவு, சத்தம். "நைனா வாயத் தொறந்தாலே நாங்க கட்டிலுக்கு அடியில பூந்துக்குவோம்" என்பார். தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நான்தான் ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பெரியவர் என்ன வேலை பார்த்தார்?" தறி என்றேன். அவர் தலையாட்டினார். வருடக்கணக்காக அந்தச் சத்தத்திலேயே நின்றால் காது போய்விடும், வயசானதால் மட்டும் வந்ததில்லை என்றார். வெளியே வந்து தாத்தாவைக் கேட்டேன். வீவிங் ஷெட்டில் பக்கத்துத் தறிக்காரர் பேசுவது காதில் விழாதாம். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டுமாம். நாம் சொல்வதையும் கத்தித்தான் சொல்ல வேண்டுமாம். அதே தொண்டையோடு வீட்டுக்கு வந்து, "தண்ணி குடு" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவரு என்னைத் திட்டவே இல்லியா?" என்றார். உள்ளே இருந்து ஆயா குரல் கொடுத்தார். "பாதி திட்டுதான்டா!"

நான் பிறந்த கொஞ்ச காலத்தில், 1996-ல், மில்லையே மூடிவிட்டார்கள். மில் சங்கு ஊதி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த இடத்தில் சினிமா எடுக்க ஆரம்பித்தார்களே, எத்தனை வில்லன்கள் பின்னி மில்லில் அடிவாங்கியிருக்கிறார்கள்! டிவியில் சண்டைக் காட்சி வந்தால் தாத்தா கிட்டே போய் உட்கார்ந்துகொள்வார். ஹீரோ பறந்து பறந்து அடிப்பதை அவர் பார்க்கவே மாட்டார். பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து, "தோ, அந்தத் தூணாண்டதான் என் தறி" என்பார். அதற்குள் ஹீரோ அந்தத் தூணையே உடைத்திருப்பார்.

இனி, நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்லும் விஷயம். இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-ல் தொழிலாளர் தலைவர்களான பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நம்ம பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தார்கள். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் புளியந்தோப்பில் பெரிய கலவரம். அதில் சாதியும் சேர்ந்துகொண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. என் அப்பா யூனியன்காரர். ஒவ்வொரு மே தினத்துக்கும், "எங்க தாத்தா இருபத்தொண்ணு ஸ்டிரைக்ல நின்னவரு" என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். யார் அவருக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவராகவே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நைனாவிடம் போய்க் கேட்கத் துணிச்சல் இல்லை.

நான் கேட்டேன். தாத்தா சுற்றி வளைக்கவில்லை. "எங்கப்பன் வேலைக்குப் போனவரு. வூட்ல நாலு வயிறு. ராத்திரி குடிசைக்கு நெருப்பு வெச்சாங்கன்னு சொல்லுவாரு. அதுக்கப்புறமும் அதே ஷெட்டுல, அதே ஆளுங்களோட தறி ஓட்டினாரு."

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, நடுவர் அவர்களே? ஸ்டிரைக்கில் நின்றவரும் பட்டினி, போனவரும் பட்டினிக்குப் பயந்து போனவர். என் அப்பா வைத்திருந்தது மேடைக்கு ஏற்ற பெருமை. நடந்தது என்ன என்று கேட்டு வைத்துக்கொண்டது அவருடைய மகள். அப்பா இப்போது தரையைப் பார்க்கிறார். ஆனால் போன மே தினத்தில் அந்த வரியை அவர் மைக்கில் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியில் பேசப்போகும் அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி. என் தாத்தா முதல் சம்பளத்தில் அவருடைய அம்மாவுக்கு ஒரு பித்தளைக் குடம் வாங்கினார். உங்கள் அப்பா முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் அக்கா? பதிலைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தை ஆரம்பியுங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.