காய்ச்சல் ஏறியது, நாடி ஏறவில்லை

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்குப் போகாதிருக்க வயிற்றுவலி என்று சொன்ன பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. விடுப்புக்காகவும் இழப்பீட்டுக்காகவும் நோயாளியாக நடிக்கும் பெரியவர்களும் உண்டு. நான் பேச வந்தது அவர்களைப் பற்றியன்று. அத்தகைய ஆதாயம் எதுவுமின்றி, நோயாளியாக இருப்பதற்காகவே நோயைப் புனைந்தோ, தம் உடலில் தாமே வரவழைத்தோ வருபவர்களைப் பற்றியது. மருத்துவத்தில் இதனை ‘ஃபாக்டிஷியஸ் டிஸ்ஆர்டர்’ என்பர். இதன் கடுமையான வகைக்கு 1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், புளுகுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு முன்சௌசனின் பெயரைச் சூட்டினார். பெயரோடு கேலியும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, மூன்று வாரமாகக் காய்ச்சல் விடாத ஒரு பெண்மணி எங்கள் வார்டில் இருந்தார். தெர்மாமீட்டர் காலைதோறும் 104 டிகிரி காட்டும். இரத்தம், சளி, எக்ஸ்ரே என அனைத்தும் பார்த்தாயிற்று. மூத்த செவிலியர் ஒருவர்தாம் அட்டவணையைக் காட்டி, “டாக்டர், ஜுரம் ஏறுது, நாடி ஏறவே இல்லையே” என்றார். ஒரு டிகிரிக்கு நாடி ஏறத்தாழ 10 துடிப்பு கூட வேண்டும். டைபாய்டில் நாடி அவ்வளவு ஏறாது. டைபாய்டு என்றெண்ணி நாங்கள் ஏமாந்ததும் அதனால்தான். மறுநாள் காலை, அப்போதே பிடித்த சிறுநீரில் வேறொரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார், 98.6. தலைமாட்டில் வெந்நீர் ஃப்ளாஸ்க், அதன் மூடி இன்னும் ஈரமாக இருந்தது.

கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் எங்கள் மேலதிகாரி வார்டு முழுவதும் கேட்கும்படி அந்த நோயாளியை ஏசினார். அன்றிரவே அப்பெண்மணி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். எந்த ஊரில், எந்தக் கட்டிலில் அந்தக் காய்ச்சல் மீண்டும் ஏறியதோ! வெந்நீரைக் கண்டுபிடித்த நாங்கள், அவருக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐயம் எழுந்தால் சோதிக்க வழி உண்டு. சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து மயங்குபவரின் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தும், கணையம் அதனுடன் சேர்த்தே சுரக்கும் சி-பெப்டைடு குறைந்தும் இருந்தால், அந்த இன்சுலின் ஊசியில் வந்தது. ஆயினும் உண்மை நோயும் உடன் இருக்கலாம். ஆகவே முடிவில் அவசரம் கூடாது.

இதற்கெனத் தனி மருந்து கிடையாது. ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பதும், தேவையற்ற அறுவையையும் ஊசியையும் தவிர்ப்பதும், மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்தளிப்பதும், மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது கைகழுவிவிடாமல் “நானும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்” என்று சொல்வதுமே சிகிச்சை. மீண்டும் சொல்கிறேன், ஏசுவது சிகிச்சையன்று.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். பெற்றோரே குழந்தைக்கு நோயை உண்டாக்கும் வகையை 1977இல் ராய் மெடோ என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் விவரித்தார். அதனை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அங்கே மட்டும் பொறுமைக்கு இடமில்லை. முதலில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும். வணக்கம்.